செய்யாத உதவிக்கு ஒரு கேடயம்

துபாய்ப் பக்கம் போகிறவர்கள் தங்கம் பார்ப்பார்கள், உயரமான கட்டடம் பார்ப்பார்கள், பாலைவனத்தில் ஜீப்பில் ஏறிக் குலுங்கி வாந்தி எடுத்துவிட்டு அதையும் படம் பிடித்து அனுப்புவார்கள். நான் போனது ரோமானியப் பேரரசின் கடைசி நூற்றாண்டுகளில் பதவியில் இருந்த அதிகாரிகளின் சிலைகளைப் பார்க்க. ஷார்ஜாவில் ஓர் அருங்காட்சியகத்துக்கு அந்தச் சிலைகளும் அவற்றின் பீடங்களும் கடனாக வந்திருந்தன. கூடவே ஒரு கருத்தரங்கு. அந்தப் பீடங்களில் உள்ள கல்வெட்டுகளை நம் மெய்க்கீர்த்திகளோடு ஒப்பிட்டுப் பேச ஆள் தேடியிருக்கிறார்கள். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தும் நான் அகப்பட்டேன். "புகழ்றதுல நம்மள யாரும் மிஞ்ச முடியாது மேடம், விட்டுக் கொடுத்துடாதீங்க" என்று எங்கள் துறைத் தலைவர் ஏதோ கபடிப் போட்டிக்கு அனுப்புகிற மாதிரி வழியனுப்பினார்.

தங்கியது அஜ்மானில், என் தம்பி இளங்கோவின் வீட்டில். கட்டுமான கம்பெனி ஒன்றில் சாரம் கட்டுகிறவர்களுக்கு அவன் ஃபோர்மேன். மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். போன அன்று காலையில் குப்பூஸ் ரொட்டியும் முட்டைத் தொக்கும் செய்து வைத்திருந்தான். ஊரில் ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து குடிக்காத பயல். தொக்கில் உப்பு சரியாக இருந்தது. அதைப் பார்த்து எனக்கு என்னமோ வருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினேன். இளங்கோ கார்லிஃப்டில் வேலைக்குப் போகிறவன். மாதத்துக்கு இவ்வளவு என்று பேசிவைத்து நாலு பேர் சேர்ந்து போகும் கார் அது. நான் ஐந்தாவதாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி கிளம்புவதற்கு முன்பே மற்ற மூவரும் தூங்கிவிட்டார்கள். சாலையில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டாமல் நின்றதே அதிசயம். எங்கள் ஊரில் இந்நேரம் பாதிப் பேர் இறங்கி எட்டிப் பார்த்திருப்பார்கள், ஒருவன் வடை விற்க வந்திருப்பான். இங்கே யாரும் ஹாரன்கூட அடிக்கவில்லை. எல்லா முகமும் தினமும் இதே என்று ஒப்புக்கொண்ட முகமாக இருந்தது.

அப்படியே ஊர்ந்து போய்க்கொண்டிருந்த காரின் ஏசி ஷார்ஜாவுக்குள் நுழைந்ததும் நின்றுபோனது. ஓட்டிய மலையாளி மெதுவாக ஓரங்கட்டி, போனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, அதற்குத் திருஷ்டி கழிக்கிற மாதிரி கையைச் சுற்றிக் காட்டினார். இளங்கோ எனக்கு ஒரு டாக்சியைப் பிடித்து ஏற்றிவிட்டான். டாக்சிக்காரர் பெஷாவர் பக்கத்து மனிதர். என் இந்தி அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"என்ன பார்க்கப் போறீங்க, பெஹன்?"

"பழைய காலத்து கவர்னர்களோட சிலை."

"கவர்னரைத் தேடிப் போய்ப் பார்ப்பாங்களா? எங்க ஊர்ல அவர் வர்றார்னா நாங்க எல்லாரும் வயலுக்குள்ள ஓடிருவோம்" என்று சொல்லிவிட்டு வழியெல்லாம் சிரித்தார். சிரித்த சிரிப்பில் திருப்பத்தைத் தவறவிட்டு, வேறு ஓர் அருங்காட்சியகத்தின் வாசலில் இறக்கிவிட்டார். வெயிலில் நடந்து சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது என் செருப்பின் அடிப்பாகம் இளகியிருந்தது.

உள்ளே குளிரும் இருட்டும். முதலில் நின்றவருக்குத் தலை இல்லை. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. அந்தக் காலத்தில் உடல் தனியாகவும் தலை தனியாகவும் செய்து பொருத்துவது வழக்கம். அவருக்கு ஒரு கையில் சுருள், காலடியில் இன்னும் ஒரு கட்டுச் சுருள். படித்த ஆள் என்று காட்டிக்கொள்ள. பக்கத்தில் இருந்தவருக்குத் தலை உண்டு, ஆனால் அது வேறொருவருடையது. பழைய முகத்தைச் செதுக்கிக் குறைத்துப் புது முகமாக்கியிருந்தார்கள். அதனால் காதுகள் மட்டும் முகத்துக்குப் பெரிசாக, முன்னவருடைய காதுகளாகவே நின்றுபோயிருந்தன.

"தலை எங்கையெண்டு எல்லாரும் வந்து என்னட்டத்தான் கேக்கினம் அக்கா" என்றார் காவலுக்கு நின்ற வவுனியாக்காரர். "நான் எடுக்கேல்லையெண்டு சொல்லுறனான்."

நான் வந்தது பீடங்களுக்காக. அந்த நூற்றாண்டுகளில் புதுக்கல் வெட்டுவது குறைந்துபோயிற்று. ஏற்கெனவே யாருக்கோ வைத்த பீடத்தைத் திருப்பிப் போடுவார்கள், அல்லது பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டுப் புது ஆளுநரின் பெயரை வெட்டுவார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் புதுப் பெயருக்கு அடியில் பழையது மங்கலாகத் தெரியும். புகழ்ச்சி மட்டும் மாறுவதில்லை. நீதிமான், கறைபடாத கை, நகரத்தைத் தூக்கி நிறுத்தியவர். எந்த ஆளுநரைப் பார்த்தாலும் அதே மூன்று நான்கு சொற்கள்.

பதவியில் இருக்கும் ஆளுநருக்குப் பேரரசரின் அனுமதி இல்லாமல் சிலை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். அப்படிச் சட்டம் போட வேண்டி வந்ததென்றால் எத்தனை பேர் வைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். ஊரார் ஏன் வைத்தார்கள்? நன்றிக்காகத்தான் என்று கல் சொல்கிறது. நன்றி பாதி, மனு பாதி என்பது என் கட்டுரையின் வாதம். நீங்கள் நீதிமான் என்று சந்தை நடுவில் கல்லில் எழுதி வைத்துவிட்டால், அந்த வழியாகத் தினமும் போகிற ஆள் கொஞ்சமாவது நீதியாக நடக்க மாட்டானா? ஊர்க்காரர்களின் தந்திரம் அது. இந்த வாதத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலை இளங்கோ என்னைத் தொழிலாளர் கேம்ப்புகள் இருக்கும் சோனாப்பூருக்கு அழைத்துப் போனான். அவனுடைய ஆட்கள் என்னைப் பார்க்க வேண்டுமாம். கேம்ப்புக்குள் பெண்களை விடமாட்டார்கள். எதிரே இருந்த டீக்கடையில் கரக் சாயா வாங்கிக்கொண்டு நின்றோம். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கின. எல்லோர் தலையிலும் துண்டு, எல்லோர் உடம்பிலும் ஒரே சிமெண்ட் நிறம். யார் எந்த நாட்டுக்காரர் என்று அவர்கள் வாயைத் திறந்தால்தான் தெரிந்தது. சாயா இனிப்புத் தாங்கவில்லை.

இளங்கோவின் ஆட்கள் எட்டுப் பத்துப் பேர் குளித்துத் தலை சீவி வந்தார்கள். அவர்களில் மூத்தவர் கருப்பையா. அறந்தாங்கிப் பக்கம், ஐம்பதைத் தாண்டிய மனிதர். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சாயாவைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"அக்கா, நீ கல்வெட்டெல்லாம் படிக்கிறவ" என்று ஆரம்பித்தான் இளங்கோ. "மேனேஜருக்கு ஒரு ஷீல்டு கொடுக்கப் போறோம். அதுல போட நாலு வரி எழுதித் தரணும்."

"அவரு என்ன செஞ்சாரு?"

"இன்னும் செய்யல."

எல்லோரும் சிரித்தார்கள். கருப்பையாவும் சிரித்தார். பிறகு அவரே சொன்னார்.

"மேல ஏறுனா கண்ணு இருட்டிக்கிட்டு வருது டீச்சர். குழாயைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நின்னுடுறேன். பயலுகதான் என் வேலையையும் சேத்துப் பாக்குறாங்க. பொண்ணு நர்சிங் படிக்குது. அது முடிச்சு ஒரு வேலையில ஏறுற வரைக்கும் நான் இங்க இருந்தாகணும். தரையில ஒரு டூட்டி கெடச்சாப் போதும். ஸ்டோர்ல ஒரு எடம் காலியா இருக்கு."

"மேனேஜர்கிட்ட நேராக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா மெடிக்கல் அனுப்புவாங்க. மெடிக்கல்னா அன்ஃபிட். அன்ஃபிட்னா விசா கேன்சல். கலாஸ், கதை முடிஞ்சுது" என்றான் இளங்கோ. "வயசாயிருச்சு, ஏற முடியல, ஸ்டோருக்கு மாத்தலாமான்னு நான் பொதுவா ஒரு வார்த்தை போட்டு வச்சிருக்கேன். பாக்கலாம்னாரு. இப்ப நன்றி சொல்லிட்டோம்னு வையி, அப்புறம் எப்படி இல்லேம்பாரு?"

இது அவர்களுக்குப் புதிதில்லை. போன கோடையில் அறையில் ஏசி ஓடவில்லை. கேம்ப் பாஸிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிற்று. கடைசியில் ஒரு கேக் வாங்கி, ஏசி சரி செய்து தந்ததற்கு நன்றி என்று அதன் மேல் எழுத வைத்து, அவருடைய அறைக்கே கொண்டு போய் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் முழித்திருக்கிறார். அந்த வாரமே ஏசி ஓடியது. அதிலிருந்து இது கேம்ப்பில் ஒரு முறையாகிவிட்டது. பஸ் சீட்டுக்கு ஒரு தடவை, குடிதண்ணீருக்கு ஒரு தடவை. மனு கொடுப்பதில்லை. நன்றி கொடுத்துவிடுவது.

நூலகம் நூலகமாகத் தேடி நான் கட்டிய வாதத்தை இவர்கள் ஒரு கேக்கை வைத்து நிரூபித்துவிட்டார்கள். எனக்கு அப்படி ஒரு குஷி. சாயாக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அங்கேயே எழுதினேன். தமிழில் முதலில், ஆங்கிலத்தில் அடுத்து. தலைசுற்றல் என்று போடவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் விவரம் இருந்தது. சாரத்தில் ஏற இயலாத மூத்த தொழிலாளிக்குத் தரையில் பணி தந்து காத்த கருணைக்கு, அவர்தம் தொழிலாளர்கள் அன்புடன் அளிப்பது. அவ்வளவுதான். கருப்பையா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "காத்த கருணைக்கு" என்ற இடம் வந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அது நடந்தே முடிந்துவிட்ட மாதிரி.

அடுத்த நாள் ஷார்ஜாவின் ரோலாவில் ஷீல்டு கடை. கடைக்காரர் காதர் பாய், கீழக்கரை. சின்னக் கடை முழுக்கக் கேடயங்களும் கோப்பைகளும். என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, பக்கத்துக் கடையிலிருந்து சமோசா வரவழைத்தார். ஒரு நல்ல கேடயத்தை எடுத்துத் துடைத்துக் காட்டினார். நடுவில் தகடு இல்லை. பசை மட்டும் சதுரமாகக் காய்ந்திருந்தது.

"ஒரு சங்கத்துக்காரவுக ஆர்டர் குடுத்தாகம்மா. வாங்குற ஆளு வேலை மாறிப் போயிட்டாரு. இவுக வரவே இல்ல. தகட்டை உரிச்சிட்டேன். நம்ம தகட்டை ஒட்டுனா முடிஞ்சுது, ஷீல்டு புதுசுதான்."

முதல் நாள் பார்த்த பீடங்களைப் பற்றி அவருக்குச் சொன்னேன். "அப்படியா, அவுகளும் நம்ம தொழில்தானா" என்று சந்தோஷப்பட்டார். பிறகு நான் எழுதிக் கொடுத்ததை வாங்கிப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்மா, இவ்வளவு வெவரமாவா போடப் போறீக? நேர்மையானவர், கருணை உள்ளம் கொண்டவர், இப்படிப் போட்டா யாருக்கும் பொருந்தும். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக."

"யாருக்கும் பொருந்தினா அவருக்கு உறைக்காதே பாய்" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு எழுத்துகளைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். வியாபாரிக்கு அடுத்த ஆளுக்கும் ஆகிற வாசகம்தானே பிடிக்கும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விழா. துபாய் குசைஸில் ஓர் உணவகத்தின் மாடி. பிரியாணி வாசனை படிக்கட்டு வரை இறங்கி வந்தது. வாடகைக்கு எடுத்த மைக் ஊளையிட்டது. கருப்பையா வெள்ளைச் சட்டை போட்டு, முதல் வரிசையில் உட்கார வெட்கப்பட்டு மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டார்.

மேனேஜர் நாதிர் ஜோர்டான்காரர். வழுக்கை விழுந்த, களைத்த முகம். சிரித்தால் நல்லவராகத் தெரிந்தார். பொன்னாடை போர்த்தியதும் அதைக் கழற்றாமல் கழுத்தைச் சுற்றி மப்ளர் மாதிரி போட்டுக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். அவர் ஊரிலேயே ரோமானியத் தூண்கள் தெருத் தெருவாக நிற்குமாம். "சின்ன வயசுல அந்த எழுத்துக் கல்லுங்க மேலதான் நாங்க உட்கார்ந்து விதை கொறிப்போம். என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்லை" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இளங்கோ கேடயத்தைக் கொடுத்தான். எல்லோரும் தட்டினார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆங்கில வரிகளைப் படித்தார். சடங்குக்குப் படித்துவிட்டு வைத்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் இன்னொரு தடவை படித்தார். மைக் அவர் கையில்தான் இருந்தது.

"யார் இந்தத் தொழிலாளி?" என்று இந்தியில் கேட்டார்.

இளங்கோ என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். யாராவது பொதுவாக எதையாவது சொல்லிப் பேச்சை மாற்றியிருக்கலாம். அதற்குள் மூன்றாவது வரிசையில் கருப்பையா எழுந்து நின்றுவிட்டார். "நான்தான் சார்." முகம் முழுக்கச் சிரிப்பு. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்துவிட்டார்.

நாதிர் அவரை மேடைக்குக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டுக்கொண்டார். "என்ன ஆச்சு பாய், ஏன் ஏற முடியல?" என்று மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார். அந்தக் கையும் அந்தக் குரலும் போதுமாக இருந்தது கருப்பையாவுக்கு. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார். கண் இருட்டுவது, குழாயைக் கட்டிப் பிடித்து நிற்பது, ஒரு தடவை பெல்ட் மாட்டியிருந்ததால் பிழைத்தது. நாதிரின் முகம் மாறிக்கொண்டே போனது.

"இது உனக்குத் தெரியுமா?" என்று இளங்கோவிடம் கேட்டார். அவன் குனிந்து மைக் ஒயரை ஒதுக்கினான். நல்லவேளை, அவர் அவனை மேலே கேட்கவில்லை.

பிறகு மைக்கை எடுத்தார். "இந்த மனுஷன் என் சைட்டில் விழுந்திருந்தால் நான் வாழ்நாள் முழுக்கத் தூங்கியிருக்க மாட்டேன். ஸ்டோர் வேலையா? ஸ்டோரிலும் ஏணி இருக்கிறது. வேண்டாம். நீங்கள் என்னைக் கருணையுள்ளவன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் எழுதியதைவிட அதிகமாகவே செய்கிறேன். இவர் இந்த வாரமே வீட்டுக்குப் போகட்டும். டிக்கெட் கம்பெனி பொறுப்பு. குடும்பத்தோடு இருங்கள் பாய், ஓய்வெடுங்கள்."

சொல்லிவிட்டுக் கருப்பையாவைக் கட்டிக்கொண்டார். எங்கோ பின்னால் ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். இந்தி புரியாதவராக இருக்க வேண்டும், அல்லது மேனேஜர் பேசி முடித்தால் தட்ட வேண்டும் என்ற பழக்கம். ஒருவர் தட்டினால் மற்றவர்கள் தட்டாமல் இருக்க முடியாது. மாடி முழுக்கக் கைதட்டல். கருப்பையாவும் தட்டினார். புகைப்படக்காரர் இருவரையும் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்.

அந்த மேனேஜர் மேல் கோபப்பட வழியே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அவர் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. தலைசுற்றுகிறவரை அவ்வளவு உயரத்தில் ஏற்றுவது கொலைதான். நாங்கள்தான் அவரை நல்லவர் என்று எழுதிக் கொடுத்தோம், அவர் நல்லவராக இருந்துவிட்டார். சாப்பாட்டின்போது ஆளுக்கு ஒரு கறித்துண்டாகக் கருப்பையாவின் தட்டில் கொண்டு வந்து வைத்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லாமல், எல்லாவற்றையும் மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார்.

நானும் இளங்கோவும் டாக்சியில் வீடு திரும்பினோம். அஜ்மானுக்குள் நுழையும்போது, "கேக்கோட நிறுத்தியிருக்கணும்க்கா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் கருத்தரங்கில் என் கட்டுரையைப் படித்தேன். நன்றி பாதி, மனு பாதி. எழுதியிருந்ததை எழுதியபடியே படித்தேன், வாய்தான் படித்தது. முடிந்ததும் இளம் ஆய்வாளர் ஒருத்தி எழுந்து கேட்டாள். அந்தக் கற்களில் எல்லாம் உதவி செய்தவரின் பெயர் இருக்கிறது, உதவி பெற்றவரின் பெயர் ஏன் எங்கேயும் இல்லை? அவருக்கு அது உதவியாக இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நல்ல கேள்வி. சான்றுகள் கிடைக்கவில்லை என்று பதில் சொன்னேன். அது எங்கள் தொழிலில் எப்போதும் கைகொடுக்கும் பதில். மதியச் சாப்பாட்டில் பேரீச்சம்பழமும் ஹம்முஸும் இருந்தன. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மீதி நாட்களில் ஊர் பார்த்தேன் என்று பெயர். கடலோரம் நடந்தேன், மீன் சந்தைக்குப் போனேன், பஸ்ஸில் பெண்களுக்கான முன் இருக்கையில் தெரியாமல் உட்கார்ந்த ஒரு வங்காளிப் பையனை நடத்துநர் எழுப்பிவிட்டதைப் பார்த்தேன். பின்னால் போய் நின்ற இடத்தில் அவன் நின்றுகொண்டே தூங்கினான். எதைப் பார்த்தாலும் சாரம் கட்டிய கட்டடம்தான் கண்ணில் பட்டது. அதன் உச்சியில் நிற்கிறவர்கள் கீழிருந்து பார்க்கப் புள்ளியாகத் தெரிந்தார்கள்.

கருப்பையாவின் விசா ரத்தானது. நாதிர் தானே தொலைபேசியில் பேசி எல்லாவற்றையும் விரைவாக முடித்துக் கொடுத்தாராம். திருச்சிக்கு நான் போகிற அதே விமானத்தில் அவருக்கும் இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு முதல் நாள் அவருடைய பெட்டியை அஜ்மானுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். கேம்ப்பில் ஒருவர் ஊருக்குப் போகிறாரென்றால் பெட்டி கட்டுவதே ஒரு திருவிழா என்று இளங்கோ சொல்லியிருக்கிறான். ஒருவர் அட்டைப்பெட்டியின் மேல் ஏறி மிதிப்பார், இரண்டு பேர் கயிற்றை இழுப்பார்கள், கேலியும் கூச்சலுமாக இருக்குமாம். இந்தப் பெட்டியைச் சத்தமில்லாமல் கட்டியிருக்கிறார்கள். பால்பவுடர், சோப்பு, புலிப் படம் போட்ட கம்பளி. யாரோ கொட்டை எழுத்தில் அவர் பெயரையும் ஊரையும் நாலு பக்கமும் எழுதியிருந்தார்கள்.

"பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"லீவுல வர்றேன்னு சொல்லியிருக்கேன் டீச்சர்."

விமான நிலையத்தில் இளங்கோ இறக்கிவிட்டுப் போனதும் நாங்கள் இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். எதிரே ஒரு குடும்பம் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டது. கருப்பையா கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் எதையோ கேட்கத் தயங்கினார்.

"சொல்லுங்க" என்றேன்.

"மேனேஜர் சாருக்கு ஒரு வாய்ஸ் போடணும் டீச்சர். இந்தி எனக்கு வரும். ஆனா மரியாதையா சொல்ல வராது. நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் மாத்திச் சொல்லிக்கிறேன்."

டிக்கெட்டுக்கு நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "என்ன சொல்லணும்?"

"என்னை மறுபடி வேலைக்கு எடுத்துக்கிட்டதுக்கு நன்றின்னு."

"அவருதான் எடுத்துக்கவே இல்லையே கருப்பையா."

"அதனாலதான் டீச்சர் சொல்லணும்" என்றார்.

வேண்டாம், இது பலிக்காது, ஊரில் போய் உடம்பைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டியதுதான். அதை விட்டுவிட்டு அவர் கேட்டதையே மெதுவாக ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். ஐயா, உடம்பு தேறியதும் என்னைத் திரும்ப அழைத்து, தரையில் ஒரு வேலை தந்த உங்கள் நல்ல மனசுக்கு நானும் என் மகளும் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். அவர் உதட்டை அசைத்து அசைத்து மனசில் இந்தியாக்கிக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பேசினார். காதில் வைத்துக் கேட்டார். அழித்துவிட்டார்.

"அழுவுற மாதிரி இருக்கு" என்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பேசினார். எங்கள் விமானத்துக்கு அழைத்தார்கள். எலுமிச்சைச் சாதக் குடும்பம் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தது. கருப்பையா கைப்பேசியை என் காதுப் பக்கம் நீட்டினார்.

"இப்பக் கேளுங்க. சந்தோசமா இருக்கிற மாதிரி இருக்கா?"

கேட்டேன். இருக்கிறது என்று சொன்னேன். அவர் அனுப்பினார்.